காற்றாலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகிறது? தென்மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் முதல் காற்றுப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் வந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறன் கொண்ட சின்ன இயந்திரங்கள். இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய மூன்று கணவாய்களின் வாயிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும்தான் பெரும்பாலானவை நிற்கின்றன. அந்த ஊர்க்காரர்கள், காற்றாலை உரிமையாளர்கள், மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

காத்தாடி வந்த பிறகுதான் எங்கள் பக்கம் மழை குறைந்தது. மேகத்தை இது கலைத்துவிடுகிறதா?

கலைக்காது. பெரிய இயந்திரத்தின் இறக்கை நுனியே தரையிலிருந்து 150 முதல் 200 மீட்டர் உயரம்தான். மழை மேகத்தின் அடிமட்டம் பெரும்பாலும் 600 மீட்டருக்கு மேலே இருக்கும்.

ஆனால் இந்தச் சந்தேகம் வருவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகத்தான் கணவாய் வழியே இங்கே இறங்குகிறது. காத்தாடி வேகமாகச் சுற்றும் வைகாசி முதல் ஆவணி வரை முப்பந்தல், வள்ளியூர், கயத்தாறு பக்கமெல்லாம் மழை மறைவுப் பகுதி. நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவம். அப்போது பல காத்தாடிகள் சும்மா நிற்கும். எனவே, காத்தாடி சுற்றும்போது மழை இல்லை, நின்றால் மழை வருகிறது என்று கண்ணால் பார்ப்பது உண்மை. காத்தாடி இல்லாத காலத்திலும் அப்படித்தான் இருந்தது. மகாராஷ்டிரத்தில் சாங்லி, சத்தாரா பக்க விவசாயிகளும் இதே புகாரை எழுப்பியதுண்டு.

உண்மையாக மாறுவது தரையை ஒட்டிய இரவு வெப்பம். இரவில் தரை குளிர்ந்து, அதன் மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். இறக்கைகள் இரண்டையும் கலக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் டெக்சாசில் 2003 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பெரிய பண்ணைகளுக்குக் கீழே இரவு நேரத் தரை வெப்பம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கூடியிருந்தது. புதிதாக வெப்பம் எதுவும் உண்டாகவில்லை. மேலே இருந்தது கீழே வருகிறது, அவ்வளவுதான்.

அவ்வளவு சிமெண்ட், அவ்வளவு இரும்பு. அதன் கார்பனை ஈடுகட்டவே ஆயுள் போய்விடாதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2 மெகாவாட் இயந்திரம் ஒன்றுக்கு அஸ்திவாரக் கான்கிரீட் சுமார் 400 கன மீட்டர். கன மீட்டருக்கு 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 120 டன். கம்பியும் டவரும் சேர்ந்து 260 டன் எஃகு. நம் நாட்டு எஃகுக்கு டன்னுக்கு 2.5 டன் என்று வைத்தால் 650 டன். நாசெல் (டவர் உச்சியிலுள்ள இயந்திரப் பெட்டி), கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் தயாரிப்பில் 300 டன், மூன்று இறக்கைகள் 150 டன், லாரி, கிரேன், சாலை என்று மேலும் கொஞ்சம். மொத்தம் தாராளமாகவே 1,400 டன்.

வரவுப் பக்கம்: 28 சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 49 லட்சம் யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவை ஒட்டி வெளியேறுகிறது. அப்படியானால் ஆண்டுக்கு 3,400 டன் மிச்சம். அரை வருஷத்துக்குள் கடன் தீர்ந்துவிடும். 20 ஆண்டு உற்பத்தியால் வகுத்தால் யூனிட்டுக்கு 14 கிராம். ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2014-இல் தந்த இடைநிலை மதிப்பு, தரைக் காற்றாலைக்கு 11 கிராம், நிலக்கரிக்கு 820 கிராம்.

இந்தக் கணக்கு நல்ல காற்று உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். காற்று குறைந்த இடத்தில் வெறும் மானியத்துக்காக நட்ட இயந்திரத்துக்குக் கடன் தீர இரண்டு மடங்கு காலம் ஆகும்.

காற்று நின்றால் நிலக்கரிதானே? பிறகு என்ன மிச்சம்?

மிச்சம் உண்டு, ஆனால் காகிதத்தில் காட்டும் அளவைவிடக் கொஞ்சம் குறைவு. ஆடியில் காற்று ஏறும்போது அனல்மின் நிலையத்தைக் குறைந்த சுமையில் ஓட்டுகிறார்கள். பாதிச் சுமையில் ஓடும் கொதிகலன் யூனிட்டுக்குச் சில சதவீதம் கூடுதல் நிலக்கரி தின்னும். 2023-இல் வந்த மத்திய மின்சார ஆணைய விதி, அனல் அலகுகள் 55 சதவீதம் வரை இறங்கவும் பின்னர் 40 சதவீதம் வரை இறங்கவும் தயாராக வேண்டும் என்கிறது. அதற்குமேல் அனலைக் குறைக்க முடியாதபோது காற்றாலையை நிறுத்தச் சொல்வதுதான் ‘பேக் டவுன்’. நல்ல காற்றில் நின்றுகொண்டிருக்கும் காத்தாடியைப் பார்த்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் காரணம் இதுதான்.

நீரும் மிச்சம். 2015-இல் வந்த விதி, பழைய அனல் நிலையங்களுக்கு மெகாவாட் மணிக்கு 3.5 கன மீட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. அதாவது யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர். காற்றாலைக்குத் தண்ணீர் கட்டுமானத்தோடு சரி.

பறவைகள் எவ்வளவு சாகின்றன?

அது இடத்தைப் பொறுத்தது. ஒரே மாதிரி இயந்திரம் ஓரிடத்தில் ஆண்டுக்கு ஒரு பறவையைக்கூடக் கொல்லாது, இன்னோர் இடத்தில் கழுகுகளைத் தொடர்ந்து வீழ்த்தும். மலை விளிம்பில் மேலேறும் காற்றில் மிதந்து வரும் பருந்து, கழுகு வகைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அவை கண்ணைத் தரையில் வைத்துப் பறக்கும். எதிரே வரும் இறக்கையைக் கவனிக்காது. இவை மெதுவாக இனம் பெருக்குபவை என்பதால் சில பறவைகள் போனாலே எண்ணிக்கை சரியும்.

அடுத்தது நீர்ப்பறவைகளின் தினசரித் தடம். நெல்லை மாவட்டப் பறவைகள் காப்பகமான கூந்தன்குளத்தில் தங்கும் நாரைகளும் வாத்துகளும் இரை தேடிப் பக்கத்துக் குளங்களுக்கு அதிகாலையில் போய் அந்தியில் திரும்பும். அந்தத் தடத்தின் குறுக்கே இயந்திர வரிசை வந்தால் சிக்கல். தடத்தை விட்டுத் தள்ளி வைத்தால் சிக்கல் குறையும்.

மோதலைவிட மின்கம்பி பெரிய எமன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராஜஸ்தானில் கானமயிலுக்கு முதல் எதிரி மின்கம்பிகள்தான். உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னதும், 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்ததும் இது தொடர்பாகத்தான். நம் பக்கம் மயிலும் பருந்தும் அடிபடுவது கம்பத்தின் தலைப்பில். இறகை விரிக்கும்போது இரண்டு கம்பிகளையோ, கம்பியையும் இரும்புக் குறுக்குக் கையையும் சேர்த்தோ தொட்டுவிடும். குறுக்குக் கைக்கு மேலே போகும் ஜம்பர் கம்பிக்கு (இணைப்புக் கம்பி) உறை போடுவதும், டிரான்ஸ்பார்மர் புஷிங்குக்கு (கம்பி நுழையும் பீங்கான் குழல்) மூடி போடுவதும் செலவு குறைந்த வேலைகள்.

எங்கள் யார்டில் செத்த பறவையே கிடைப்பதில்லை. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே?

கிடைக்காததற்கு நாயும் நரியும் காகமும் காரணமாக இருக்கலாம். ஒழுங்காக எண்ண வேண்டுமானால், டவரைச் சுற்றிக் குறைந்தது இறக்கை நுனி உயரத்தில் பாதித் தொலைவு வரை, 5 மீட்டர் இடைவெளிக் கோடுகளில், வாரம் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கூடவே இரண்டு சோதனைகள். முதலாவது, செத்த கோழிக்குஞ்சுகள் பத்தைப் போட்டுவைத்து வாரக் கடைசியில் எத்தனை மிச்சம் என்று பார்ப்பது. இரண்டாவது, தேடுபவருக்குத் தெரியாமல் சிலவற்றை ஒளித்துவைத்து எத்தனையை அவர் கண்டுபிடிக்கிறார் என்று பார்ப்பது. பத்தில் மூன்றே மிஞ்சி, தேடுபவர் கண்ணில் படுவது 60 சதவீதம் என்றால், கையில் கிடைத்த ஒரு பறவைக்கு உண்மையில் ஐந்தோ ஆறோ செத்திருக்கும். இந்தத் திருத்தம் இல்லாத அறிக்கையை யார் நீட்டினாலும் நம்ப வேண்டாம்.

மோதிச் சாவதைத் தவிர வேறு பாதிப்பு உண்டா?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். சத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தில் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. காத்தாடி உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. அதனால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. பருந்து பயம் போனதால் ஆள் மிக அருகில் வரும்வரை அவை ஓடவில்லை. இரத்தத்தில் அழுத்த ஹார்மோனும் குறைவு. கூட்டம் அதிகமாகி இரைக்குப் போட்டி வந்ததில் உடல் மெலிந்திருந்தன. இயந்திரம் ஓணானை ஒன்றுமே செய்யவில்லை. மேலே பறந்ததை விரட்டியது, கீழே எல்லாம் மாறியது.

வௌவால்?

பல நாடுகளில் பறவையைவிட வௌவால்தான் அதிகம் சாகிறது. இறக்கை அடித்தும் சாகும், இறக்கைக்குப் பின்னால் திடீரென்று காற்றழுத்தம் குறைவதால் நுரையீரல் சிதைந்தும் சாகலாம் என்ற கருத்தும் உண்டு. பூச்சி பறக்கும் மெல்லிய காற்றுள்ள இரவுகளில்தான் வௌவால் வெளியே வரும். அந்த இரவுகளில் இயந்திரமும் பெரிதாக உற்பத்தி செய்யாது. எனவே தீர்வு சுலபம்: இயந்திரம் ஓடத் தொடங்கும் காற்று வேகத்தை இரவில் மட்டும் வினாடிக்கு 3.5 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு மேல் உயர்த்துவது, அதற்குக் கீழே இறக்கையைத் திருப்பிச் சுற்றாமல் நிறுத்திவைப்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படிச் செய்தபோது சாவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தி இழப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. இறக்கைக் கோணம் மாற்ற முடியாத பழைய 250 கிலோவாட் இயந்திரங்களில் பிரேக் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு இறக்கைக்குக் கறுப்பு அடித்தால் பறவை தப்பும் என்கிறார்களே?

நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு இயந்திரங்களில் செய்து பார்த்து, சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020-இல் வெளியிட்டார்கள். நான்கே இயந்திரம் என்பதை நினைவில் வைக்கவும். நம் வெயிலில் கறுப்பு இறக்கை அதிகம் சூடேறும், இழைக்கும் பசைக்கும் அது நல்லதல்ல. அடிப்பதானால் தொழிற்சாலையிலேயே அடிக்க வேண்டும். கிரேன் வைத்து மேலே அடிப்பது கட்டுபடியாகாது.

வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் காத்தாடி இருக்கலாம்?

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல்படி, சத்தத்தை முன்னிட்டு, குடியிருப்பிலிருந்து 500 மீட்டர். சாலை, ரயில் பாதை, மின்பாதை ஆகியவற்றிலிருந்து டவர் உயரம், இறக்கைச் சுற்றுவட்டத்தின் விட்டத்தில் பாதி, கூடுதலாக 5 மீட்டர். 100 மீட்டர் டவர், 110 மீட்டர் விட்டம் என்றால் 160 மீட்டர்.

சத்த அளவு: இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், பகலில் 55. பெரிய இயந்திரம் மூலத்தில் 104 டெசிபலை ஒட்டி எழுப்பும். 500 மீட்டரில் அது ஏறக்குறைய 40 ஆகிவிடும், 250 மீட்டரில் 47. இங்கேதான் ஒரு ஓட்டை. 500 மீட்டர் என்பது தனித்தனி இயந்திரத்துக்குச் சொன்ன கணக்கு. ஒரே அளவு சத்தம் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், நான்கு சேர்ந்தால் 6. வீட்டைச் சுற்றி நான்கு இயந்திரம் 500 மீட்டரில் நின்றால் 46. விதிப்படி வைத்தும் இரவு வரம்பு மீறிவிட்டது.

அளப்பதானால் காற்று அதிகமுள்ள இரவில், மைக்கில் பஞ்சு உறை போட்டு, இயந்திரம் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை அளக்க வேண்டும். பனையோலை சலசலப்பே 45-ஐத் தொட்டுவிடும்; நிறுத்தி அளக்காத எண்ணை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. திடீரென்று ‘டக் டக்’ என்றோ விசில் போலவோ சத்தம் வந்தால் அது தூரத்தின் குற்றமல்ல: இறக்கை முனை பிளந்திருக்கும், இடிதாங்கிக் கம்பி கழன்றிருக்கும், அல்லது கியர் பல் போயிருக்கும்.

வீட்டுக்குள் நிழல் ஆடுகிறது. வலிப்பு வருமா?

பெரிய இயந்திரம் நிமிடத்துக்கு 15 சுற்று, மூன்று இறக்கை, ஆக 45 வெட்டு. வினாடிக்கு ஒன்றுகூட இல்லை. வலிப்பைத் தூண்ட வினாடிக்கு 3-க்கு மேல் வேண்டும். வேகமாகச் சுற்றும் பழைய சிறு இயந்திரமே 2-ஐ ஒட்டித்தான் வரும். ஆனால் எரிச்சல் உண்மை. ஜெர்மனியில் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் அட்சரேகையில் சூரியன் உச்சிக்கு ஏறிவிடுவதால், காத்தாடிக்கு நேர் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே காலை, மாலை ஒரு மணி நேரம் தொல்லை. நேர் வடக்கு, தெற்கில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

காத்தாடிக்குக் கீழே விவசாயம் செய்யலாமா?

தாராளமாக. ஆடும் மேயலாம். இயந்திரம் அடைப்பது அதிகபட்சம் இரண்டு ஏக்கர்.

குளத்துக்குத் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. காற்றாலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. தென்மாவட்டங்களில் காற்றாலை செய்யும் பெரிய கேடு இதுதான் என்பது எங்கள் கணிப்பு. அதைச் செய்வது காத்தாடி அல்ல, அதற்குப் போட்ட சாலை.

50 மீட்டர் இறக்கையை ஏற்றிய டிரெய்லர் திரும்ப வேண்டுமானால் 5, 6 மீட்டர் அகலச் சாலை, வளைவில் இன்னும் அகலம். கரிசலில் சக்கரம் புதையாமல் இருக்க அரை மீட்டருக்கு மேல் சரள் கொட்டி உயர்த்துவார்கள். நம் குளங்களுக்குத் தண்ணீர் வருவது பெரிய ஆற்றிலிருந்து அல்ல. சரிவான மானாவாரிக் காட்டில் பரவி ஓடி, சின்னச் சின்ன ஓடையாகச் சேர்ந்து வருகிறது. கோடையில் பார்த்தால் அந்த ஓடை முழங்கால் ஆழப் பள்ளம், உள்ளே உடைமரம். வேலை நடப்பது மாசியிலும் பங்குனியிலும். ஒப்பந்தக்காரர் ஒன்றரை அடிக் குழாய் ஒன்றைப் போட்டு மேலே சரளைக் கொட்டிவிட்டுப் போவார். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்யும்போது குழாய் குப்பையில் அடைத்து, மேல்பக்கக் காடு மூழ்கும், கீழ்பக்கக் குளம் காயும்.

செய்ய வேண்டியது: கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் அ-பதிவேடும் வாங்கி, சாலை போகும் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் ஓடைப் புறம்போக்கு உண்டா என்று பார்க்கவும். படத்தில் இல்லாத ஓடைகளை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து குறிக்கவும். ஆழமில்லாத அகல ஓடைக்குக் குழாயைவிடத் தரைப்பாலம் நல்லது: சாலையையே ஓடை மட்டத்துக்கு இறக்கி கான்கிரீட் போட்டுவிட்டால் வெள்ளம் மேலேயே போகும், அடைப்பும் வராது, குழாயைவிடச் செலவு பெரிதாகவும் ஆகாது. கிரேன் நிற்க அடித்த சரள் மேடையை வேலை முடிந்ததும் பெயர்க்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதவும். அஸ்திவாரக் குழி மண்ணை ஓடையில் தள்ளுவது இன்னொரு வழக்கம். அது எங்கே போகிறது என்று முதல் நாளே கேட்கவும்.

இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டாமா?

வேண்டாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் காற்றாலை இல்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவில் வைத்தது; வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். வன நிலமாக இருந்தால் மட்டும் வன அனுமதி வேண்டும். புகைபோக்கியை மனதில் வைத்து எழுதிய விதி இது. புகை இல்லை, கழிவுநீர் இல்லை, சரி. ஓடையைப் பற்றியும் கழுகைப் பற்றியும் கேட்க அங்கே கட்டமே இல்லை. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியதைக் குழி தோண்டும் முன் கிராம சபையில் கேட்டுப் பதிவு செய்துகொள்வதுதான் இருக்கும் வழி.

டவரில் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. மண் கெடுமா?

2 மெகாவாட் கியர்பாக்ஸில் 300 லிட்டருக்கு மேல் எண்ணெய் இருக்கும். சீல் தேய்வது, அளவுக்கு மேல் ஊற்றுவது, ஹைட்ராலிக் குழாய் வெடிப்பது, இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். வழிவது சில லிட்டர் என்றால் டவரோடு நின்றுவிடும். கெடுதல் நடப்பது எண்ணெய் மாற்றும் நாளில், பீப்பாயைத் தரையில் உருட்டும்போது. பழைய எண்ணெய் 2016 அபாயக் கழிவு விதிகளில் வருகிறது: 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். எண்ணெய் துடைத்த துணிக்கும் அதே விதி. எரிக்கக் கூடாது.

காந்தத்துக்கு அரிய மண் தோண்டுகிறார்களே?

நிரந்தரக் காந்தம் வைத்த, கியர் இல்லாத இயந்திரங்களுக்கு நியோடிமியம் என்ற அரிய மண் உலோகம் வேண்டும். அதன் பெரிய சுரங்கம் சீனாவின் உள் மங்கோலியாவில் உள்ள பையான் ஓபோ. அங்கே கழிவுக் குட்டை பெரும் பிரச்சினை. நம் பக்கம் பெரும்பான்மை கியர் இயந்திரங்கள், அவற்றில் இந்தக் காந்தம் கிடையாது. ஸ்விட்ச்கியரில் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெட்டி) உள்ள சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு கிலோ கசிந்தால் 23 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பழைய பெட்டியை உடைக்கும் முன் வாயுவை உறிஞ்சி எடுக்க வேண்டும். காயலான் கடையில் யாரும் அதைச் செய்வதில்லை.

மன்னாரில் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

இலங்கையின் மன்னார்த் தீவு மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வாசல். பக்கத்திலேயே வங்காலை ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். 2020-இல் அங்கே 30 இயந்திரங்கள் கொண்ட, 103.5 மெகாவாட் தம்பபவனி நிலையம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த திட்டங்கள் வரத் தொடங்கியதும் பறவையோடு சேர்ந்து வெள்ள வடிகால், மீன்பிடி பற்றிய அச்சங்களும் எழுந்தன. அதானி குழுமம் 2025 பிப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது. ஒடுங்கிய, தாழ்ந்த மணல் தீவில் ஒரு வரிசையே பெரிய சுமை. அதே எண்ணிக்கை கரிசல் காட்டில் நின்றால் யாருக்கும் தெரியாது.

கடலில் வைத்துவிட்டால் தொல்லை இல்லையே?

தொல்லை மாறும். கடலடியில் குழாய்த் தூணை அடித்து இறக்கும் சத்தம் கடல் பாலூட்டிகளின் காதைக் கெடுக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா இருக்கிறது. பாக் விரிகுடாவில் 2022-இல் ஆவுளியாவுக்கென்று (கடற்பசு) 448 சதுர கி.மீ. காப்பகம் அறிவித்தார்கள். ஜெர்மனி, தூண் அடிக்கும்போது 750 மீட்டரில் 160 டெசிபல் என்று வரம்பு வைத்து, தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை விட வைக்கிறது. இங்கே டெண்டர் ஆவணத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஆயுள் முடிந்த இறக்கையை என்ன செய்வது?

இரும்பும் செம்பும் விலைக்குப் போய்விடும். எடையில் 85 சதவீதத்துக்கு மேல் அதுதான். மிஞ்சுவது கண்ணாடி இழையும் எபாக்சிப் பசையும் கலந்த இறக்கை. அமெரிக்காவில் காஸ்பர் நகரக் குப்பைக் கிடங்கில் வரிசையாகப் புதைத்தார்கள். இங்கே வேலியோரம் கிடக்கும், அல்லது இரவில் எரிப்பார்கள். எரித்தால் நச்சுப் புகை, பிறகு தோலிலும் நுரையீரலிலும் குத்தும் இழைத் தூசி. இப்போதைக்கு உருப்படியான வழி சிமெண்ட் சூளை: பசை எரிபொருளாகும், கண்ணாடியிலுள்ள சிலிக்கா கிளிங்கரில் (சிமெண்டாக அரைக்கப்படும் கட்டி) சேரும். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுக்க வேண்டும், முகமூடி கட்டாயம்.

பழையதை எடுத்துவிட்டுப் பெரியது வைத்தால் அஸ்திவாரம் என்ன ஆகும்?

250 கிலோவாட் எட்டை எடுத்து 2 மெகாவாட் ஒன்றை வைத்தால் சுற்றும் இறக்கைகள் குறையும், பறவை உட்காரும் கம்பிச் சட்ட டவர்கள் போகும். மாநில அரசு 2024-இல் இதற்கென்று கொள்கை வெளியிட்டது. ஆனால் பழைய அஸ்திவாரத்தில் புதியது நிற்காது, புதிய குழிதான். பழையதை முழுக்கத் தோண்டினால் ஓடைக்குத் தள்ள இன்னொரு மலை மண் கிடைக்கும். அதனால் மேல் ஒன்றரை மீட்டரை உடைத்து, கம்பியை அறுத்து, மேலே அந்த வயலின் மண்ணையே பரப்பினால் போதும். கலப்பை தட்டாது. உடைத்த கான்கிரீட்டைப் பழைய யார்டுச் சாலையின் தரைப்பாலத்துக்கு அடித்தளமாகப் போடலாம். அதற்கும் முன்பாக, அந்தச் சாலை இனி தேவையா என்று பட்டாதாரரிடம் கேளுங்கள். தேவையில்லை என்றால் சரளை அள்ளிவிட்டு ஓடையைத் திறந்துவிடலாம்.